மூலையில் இருந்த கேமரா

கல்யாண ஆல்பம் போடுவதுதான் எனக்குச் சோறு போடும் வேலை. தாலி கட்டும் படத்தில் குறுக்கே நீளும் வீடியோக்காரர் கையை அழிப்பேன், பின்னால் செல்போன் நோண்டும் சித்தப்பாவை அழிப்பேன். கேட்டுத்தான் செய்கிறேன், காசும் தருகிறார்கள். அதனால் நார்சிசோ கான்ட்ரேராஸ் விவகாரத்தைப் படித்தபோது அவர்மேல் பரிதாபம்தான் முதலில் வந்தது.

மெக்சிகோக்காரர், பத்திரிகைப் புகைப்படக்காரர். சிரியப் போர்ப் படங்களுக்காக 2013இல் புலிட்சர் என்ற பெரிய பத்திரிகைப் பரிசை வாங்கிய ஏபி செய்தி நிறுவன அணியில் ஒருவர். அதே ஆண்டு செப்டம்பரில் சண்டைக்கு நடுவே பதுங்கும் ஒரு கிளர்ச்சியாளரை எடுத்தார். படத்தின் இடது கீழ் மூலையில் சக பத்திரிகையாளர் ஒருவரின் வீடியோ கேமரா தெரிந்தது. கண்ணை உறுத்துகிறதே என்று, படத்தின் வேறு பகுதியை எடுத்து அதன்மேல் பூசிவிட்டார். குளோன் டூலில் நான் தினமும் செய்கிற அதே வேலை! பின்னர் அவரே ஆசிரியர்களிடம் ஒப்புக்கொண்டார். 2014 ஜனவரியில் ஏபி அவரோடு உறவை முறித்துக்கொண்டது. அவருடைய மற்ற படங்களையும் சோதித்தார்கள். எதிலும் தில்லுமுல்லு இல்லை. ஆனாலும் ஏறக்குறைய 500 படங்களைத் தொகுப்பிலிருந்து தூக்கிவிட்டார்கள்.

ஒரு மூலைக்கு இத்தனை தண்டனையா?

யோசித்தால், என் ஆல்பத்தைப் புரட்டுகிறவர்கள் கல்யாணத்துக்கு வந்தவர்கள். சித்தப்பா அங்கே நின்றது அவர்களுக்குத் தெரியும். சிரியாவுக்கு எந்த வாசகர் போனார்? பக்கத்தில் இன்னொரு கேமராவும் இருந்தது என்பதை அவருக்குச் சொல்ல அந்த மூலையை விட்டால் வேறு எதுவும் இல்லை.

2003இல் ஈராக்கின் பஸ்ராவில் பிரையன் வால்ஸ்கி என்ற பத்திரிகைப் புகைப்படக்காரர் செய்தது இதைவிடப் பெரிய காரியம். ஒரு படத்தில் பிரிட்டிஷ் சிப்பாயின் கையசைவு நன்றாக இருந்தது, இன்னொன்றில் குழந்தையைத் தூக்கி நின்றவர் நன்றாக இருந்தார். இரண்டையும் ஒட்டி லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸுக்கு அனுப்பினார். முதல் பக்கத்தில் வந்தது. பின்னணியில் உட்கார்ந்திருந்த சிலர் இரண்டு தடவை தெரிந்ததால் மாட்டினார், வேலையும் போனது. (இதில் எனக்கு எந்தக் குழப்பமும் இல்லை. எங்கள் தொழிலிலேயே அது மட்டமான வேலை.)

போன திருவிழாவில் உள்ளூர் நிருபர் ஒருவர் தேர்ப் படத்தோடு வந்தார். "அண்ணே, மேலே போற கரண்டு வயரை மட்டும் எடுத்துடுங்க, அழகா இருக்கும்."

2022இல் தஞ்சாவூர் பக்கம் களிமேட்டில் தேர் உயரழுத்தக் கம்பியில் உரசி 11 பேர் செத்ததை ஞாபகப்படுத்தினேன். வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தேன். வயரோடுதான் அச்சானது.