புளோர் தெருவில் ஒரு ஆவணப்படத் தியேட்டர்

டொராண்டோ போகிறவர்கள் சி.என். டவர், நயாகரா என்று சுற்றிவிட்டு வருவார்கள். நான் பார்க்க நினைத்தது புளோர் தெருவில் ஆவணப்படங்களுக்கென்றே இருக்கும் ஹாட் டாக்ஸ் டெட் ரோஜர்ஸ் சினிமா என்ற தியேட்டரை. ஸ்கார்பரோவில் அத்தை வீட்டில் தங்கியிருந்ததால் வழி சுலபம். கென்னடியில் சுரங்க ரயில் ஏறினால் எங்கும் மாறாமல் பாதர்ஸ்ட் நிலையத்தில் இறங்கலாம். அங்கிருந்து கிழக்கே கொஞ்ச தூரம் நடை. "டாக்குமெண்டரி பாக்கவா இவ்வளவு தூரம் போற?" என்றார் அத்தை.

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. நம் ஊரில் டாக்குமெண்டரி என்றால் மெயின் படத்துக்கு முன்னால் ஓடிய, அரசின் ஃபிலிம்ஸ் டிவிஷன் எடுத்த படம்தான். வெள்ள நிவாரணம், அணைக்கட்டு, மந்திரி ரிப்பன் வெட்டுவது. அது முடியும்வரை பாதி ஜனம் வெளியே டீ குடித்துக்கொண்டிருக்கும். இன்றைக்கும் நல்ல ஆவணப்படங்களுக்கு ஏதாவது கல்லூரி அரங்கமோ நூலக மாடியோதான் கிடைக்கிறது. இங்கே அவற்றுக்கென்றே பால்கனியோடு சுமார் 650 இருக்கைகள்!

கட்டடத்தின் கதையே ஒரு படத்துக்குத் தேறும். 1913-ல் மேடிசன் என்ற பெயரில், பேசாப் படக் காலத்தில் திறந்த கொட்டகை. 1941-ல் அதே இடத்தில் புதிதாகக் கட்டி மிட்டவுன் ஆனது. அப்புறம் காப்ரி. எழுபதுகளில் ஈடன் என்ற பெயரில் 'வயது வந்தோர்' படங்கள் ஓட்டியிருக்கிறார்கள். 1979-ல் புளோர் சினிமாவாகிப் பழைய படங்களும், ஒரு தனி ரசிகர் கூட்டம் கொண்டாடும் கல்ட் படங்களும் காட்டி, மாணவர்களின் அபிமான இடமானது. 2012-ல் புதுப்பித்து ஆவணப்படத்துக்கு மாறினார்கள். 2016-ல் ரோஜர்ஸ் அறக்கட்டளை தந்த 40 லட்சம் டாலரில், ஆவணப்பட விழா நடத்தும் ஹாட் டாக்ஸ் அமைப்பே கட்டடத்தை வாங்கிவிட்டது. அந்த நன்றிக்குத்தான் இப்போதைய நீளமான பெயர். லாப நோக்கில்லாத அமைப்பு. ஆனால் கரண்ட் பில் அதற்கெல்லாம் தள்ளுபடி தராதே. 2024-ல் பணமுடையால் பல மாதம் மூடிக் கிடந்து மறுபடி திறந்தது.

நான் போனது வாரநாள் மாலைக் காட்சி. பாதிக்கு மேல் நரைத்த தலைகள். படம் முடிந்து விளக்கு போட்டதும் யாரும் எழவில்லை. இயக்குநர் மேடைக்கு வந்தார், மைக் கைமாறியது. ஒரு பாட்டி, "அந்தக் குடும்பத்திடம் அனுமதி கேட்டீர்களா, பணம் கொடுத்தீர்களா?" என்று விடாமல் பிடித்துக்கொண்டார். இயக்குநர் திணறித்தான் பதில் சொன்னார். எனக்குப் படத்தைவிட அந்த அரைமணி நேரம்தான் பிடித்திருந்தது. இங்கே ரசிகர்கள் கைதட்டுவதோடு விடுவதில்லை, கணக்கும் கேட்கிறார்கள்.

போகிறவர்கள் பால்கனியில் உட்காருங்கள். திரை முழுசாகத் தெரியும். ஏப்ரல் கடைசியில் தொடங்கும் ஹாட் டாக்ஸ் விழா சமயம் என்றால் டிக்கெட்டை முன்பே எடுத்துவிடுவது நல்லது. பசித்தால் பாதர்ஸ்ட் தெருவைத் தாண்டி மேற்கே நடக்கலாம், கொரியா டவுன் வந்துவிடும். சுடச்சுட வால்நட் கேக் கிடைக்கும்.