கவனிக்கவும்

அந்தக் குறிப்பேட்டில் நான் எழுதியது நான்கே சொற்கள்: "வீட்டுப் பாடம் செய்வதில்லை. கவனிக்கவும்." கீழே என் கையெழுத்து, தேதி. 2009ஆம் ஆண்டு. சேலம் மாவட்டத்தில், இளம்பிள்ளை என்ற ஊர்ப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்து எனக்கு ஒரு வருடம்கூட முழுதாக ஆகியிருக்கவில்லை.

மறுநாள் அந்தப் பையன் சுவரில் சாயாமல் உட்கார்ந்திருந்தான். அது செயல்வழிக் கற்றல் காலம். 2007-08இல் மாநிலம் முழுவதும் பரவிய முறை அது. பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்து, ஏணிப்படி அட்டவணையில் தாம் நிற்கும் இடத்தைப் பார்த்து, அதற்குரிய அட்டையை எடுத்து வேலை செய்வார்கள். சுவரோரத்து இடத்துக்குத் தினமும் சண்டை நடக்கும். அன்று அவன் சுவரை ஒட்டி இருந்தும் முதுகை நிமிர்த்தி வைத்திருந்தான். சட்டையைத் தூக்கிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. பக்கத்தில் இருந்த பெண்தான் சொன்னாள்: "அவன் அப்பா தறி வாரால் அடித்தார் டீச்சர்."

உண்மையில் அந்த முறையில் வீட்டுப் பாடம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. பெற்றோர் கேட்டதால் கொடுத்தேன். "பாய் விரித்து விளையாட விடுகிறீர்கள், புத்தகத்தைக் காணோம், வீட்டுப் பாடத்தைக் காணோம், இது என்ன படிப்பு?" என்று வாசலில் நின்று கேட்டவர்கள் பலர். கேட்டுவிட்டு, மஞ்சள் வேன் வரும் ஆங்கிலப் பள்ளிக்குப் பிள்ளையை மாற்றியவர்களும் உண்டு. மிச்சம் இருப்பவர்களாவது போகாமல் இருக்கட்டும் என்று இரண்டு பக்கம் பார்த்து எழுதக் கொடுத்தேன். பெற்றோர் சொல் கேட்டு நடந்த முதல் சம்பவம் அதுதான் என்றால் சிரிக்கத் தோன்றுகிறது.

மூன்று நாள் கழித்து அவன் வீட்டுக்குப் போனேன். வீடு என்றால் முன்பக்கம் இரண்டு விசைத்தறி, பின்பக்கம் அடுப்பு, நடுவே படுக்க இடம். தறி ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் நான் கிசுகிசுப்பாகத் தயாரித்து வைத்திருந்த வாக்கியங்கள் எல்லாவற்றையும் கத்திச் சொல்ல வேண்டியதாயிற்று. அடிக்காதீர்கள் என்பதைக் கத்திச் சொல்வது எவ்வளவு அபத்தமானது என்று அங்கேதான் தெரிந்தது. அவர் தறியை நிறுத்திவிட்டு வந்தார். கோபம் இல்லை, குழப்பம்தான் முகத்தில்.

"நீங்கள்தானே டீச்சர் கவனிக்கச் சொன்னீர்கள்? கவனித்துவிட்டேன்."

எங்கள் ஊர்ப் பேச்சில் ஒருவரைக் கவனிப்பது என்றால் இலையில் வைப்பதாகவும் இருக்கலாம், முதுகில் வைப்பதாகவும் இருக்கலாம். நான் எந்த அர்த்தத்தில் எழுதினேன்? யோசித்துப் பார்த்தால் எந்த அர்த்தத்திலும் இல்லை. பயிற்சிக் காலத்தில் மூத்த ஆசிரியர்கள் எழுதியதைப் பார்த்திருக்கிறேன், நானும் எழுதினேன். இன்னொன்றும் பிறகு தெரிந்தது. அவருக்குப் படிக்கத் தெரியாது. குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு நூல் வாங்கும் கடைக்குப் போயிருக்கிறார். கடைக்காரர் நாலு பேர் முன்னால் உரக்க வாசித்திருக்கிறார். வாசித்துவிட்டு, "என்னப்பா, பையன் உன்னை மாதிரியே வருவான் போலிருக்கிறதே" என்று ஒரு வார்த்தையும் சேர்த்திருக்கிறார். பையனின் முதுகில் விழுந்தது அந்த வார்த்தை. அதற்கு வழி செய்து கொடுத்தது என் நான்கு சொற்கள்.

அடுத்த ஆண்டு ஏப்ரல் 1 அன்று இலவசக் கட்டாயக் கல்விச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பள்ளியில் பிள்ளையை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் அதன் 17ஆம் பிரிவு தடை செய்கிறது. பயிற்சி வகுப்பில் இதைப் பற்றி நிறையப் பேசினார்கள். ஓங்காத கையைக் குறிப்பேட்டில் மடித்து வைத்து வீட்டுக்கு அனுப்பிவிட முடியும் என்பதைப் பற்றி யாரும் பேசவில்லை. பெற்றோரும் இந்தச் சட்டத்தைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. ஜூன் மாதம் சேர்க்கைக்கு வரும் தாத்தாக்களில் ஒருவராவது, "கண்ணை மட்டும் விட்டுவிட்டு மற்றதெல்லாம் உரித்துவிடுங்கள்" என்று பிள்ளையின் கையைப் பிடித்து என் கையில் கொடுப்பார். அது மரியாதை. உங்களை முழுதாக நம்புகிறேன் என்பதற்கு அவர்களிடம் இருந்த சொல் அது ஒன்றுதான். முதலில் இதைக் கேட்டு முகம் சுளிப்பேன். பிறகு, "கண்ணோடு சேர்த்து எல்லாமே பத்திரமாக இருக்கும் தாத்தா" என்று பதில் சொல்லப் பழகினேன்.

அந்தத் தறிவீட்டில் கற்றுக்கொண்டது இன்னொன்று. அங்கிருந்து வரும் பிள்ளைகள் உரக்கப் பேசுவார்கள். பக்கத்தில் இருப்பவனிடம் அழிப்பான் கேட்பதைக்கூட அடுத்த தெருவுக்குக் கேட்கும்படி கேட்பார்கள். "கத்தாதே" என்பதுதான் ஒரு நாளில் நான் அதிகம் சொன்ன சொல். பொழுதெல்லாம் தறி ஓடும் வீட்டில் மெதுவாகப் பேசினால் யாருக்குக் கேட்கும்? பிள்ளைகளுக்குக் குரல் அந்த அளவில்தான் அமைந்திருக்கிறது. அது தெரிந்த பிறகு கத்தாதே என்பதை விட்டுவிட்டேன் என்று சொன்னால் பொய். குறைத்துக்கொண்டேன்.

பையனின் தாய் அன்று தண்ணீர் கொடுத்ததோடு சரி, பேசவில்லை. கிளம்பும்போது தெருமுனை வரை கூட வந்து சொன்னார்: "கரண்ட் நின்றால்தான் டீச்சர் எங்கள் வீட்டில் படிப்புச் சத்தம் கேட்கும்." அந்த நாட்களில் மின்வெட்டுக்குப் பஞ்சம் இல்லை. ஊரே மின்வெட்டைத் திட்டிக்கொண்டிருந்தது, தறிக்காரர்களுக்கு அது கூலி நட்டம். அந்த அம்மா மட்டும் கரண்ட் போனதும் பையனை வாசல் படியில் உட்கார வைத்துப் பாடத்தை வாசிக்கச் சொல்லி, தறிக்கு நூல் சுற்றுவதை நிறுத்திவிட்டுக் கேட்பாராம். எழுத்து தெரியாது. தப்பாக வாசித்தால் எப்படித் தெரியும் என்று கேட்டேன். "இழுத்து இழுத்து வாசித்தால் தெரியாமல் போகுமா?" என்றார். வாசிப்புச் சோதனைக்கு இதைவிட நல்ல அளவுகோல் எந்தக் கையேட்டிலும் நான் பார்க்கவில்லை.

2014இல் மாறுதல் வாங்கிச் சேர்வராயன் மலைக்குப் போனேன். சேலத்திலிருந்து தினமும் இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, ஏற்காட்டில் இன்னொரு பஸ் மாறி, இறங்கி நடக்க வேண்டும். நகரத்தில் இருப்பவர்கள், "ஏற்காட்டிலா வேலை? கொடுத்து வைத்தவர்" என்பார்கள். மழைக்காலத்தில் ஆறாவது வளைவிலேயே வாந்தி எடுத்துக்கொண்டு போகும் ஆசிரியை ஒருத்தியை அவர்கள் பார்த்ததில்லை.

ஊர் முழுக்க மலையாளிப் பழங்குடிக் குடும்பங்கள். பெயரைக் கேட்டுக் கேரளம் என்று நினைப்பவர்கள் உண்டு. மலையில் ஆள்பவர்கள், மலையில் வாழ்பவர்கள் என்றெல்லாம் அந்தப் பெயருக்கு விளக்கம் சொல்கிறார்கள். பேசுவது தமிழ்தான். கொஞ்சம் சாமை விதைக்க நிலம், மிச்ச நாட்களுக்குக் காப்பித் தோட்டக் கூலி. நவம்பர் முதல் பழம் பறிக்கும் காலம், அது முடியும்போது மிளகு. அந்த மூன்று நான்கு மாதங்களில் வகுப்பில் பாதி இடம் காலியாகும். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள ஒரு பிள்ளை, தாயோடு தோட்டத்துக்கு ஒரு பிள்ளை.

பெற்றோர் கூட்டம் போட்டால் யாரும் வருவதில்லை. "இவர்களுக்கு அக்கறை இல்லை" என்று எனக்கு முன்பிருந்தவர் சொல்லிவிட்டுப் போனார், நானும் இரண்டு வருடம் அதையே சொன்னேன். பிற்பகல் மூன்று மணிக்குக் கூட்டம் வைத்தால் அரை நாள் கூலி போகும் என்பது ஒரு காரணம். அது எளிதில் தெரிந்துவிட்டது. நேரத்தை மாற்றினேன், நாலைந்து பேர் கூடினார்கள். மற்றவர்கள் அப்போதும் வரவில்லை.

காரணம் மேசைமேல் இருந்தது. வருகைப் பதிவேடும் ஊதா மைப் பெட்டியும். கூட்டத்துக்கு வந்தவர்கள் வரிசையாக வந்து கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து வராதவர்கள் பெருவிரலை மையில் வைத்து உருட்ட வேண்டும். ஜன்னலுக்கு வெளியே பிள்ளைகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று பார்ப்பார்கள். ஒரு நாள், நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தியின் தாய் ரேகை வைத்துவிட்டு விரலைத் தலைமுடியில் துடைத்ததைப் பார்த்தேன். துடைத்துவிட்டு முதலில் ஜன்னலைத்தான் பார்த்தார். மகள் ஏற்கெனவே அங்கிருந்து நகர்ந்திருந்தாள். அந்த அம்மா அடுத்த கூட்டத்துக்கு வரவில்லை.

பிள்ளைக்கு எழுத்துக் கற்றுக்கொடுக்கும் இடத்துக்கு அழைத்து, அந்தப் பிள்ளையின் கண் முன்னாலேயே, உனக்கு எழுத்து வராது என்று பதிவேட்டில் ஏற்றியிருக்கிறோம். அதற்குப் பெயர் பெற்றோர் பங்கேற்பு.

பதிவேடு இல்லாமல் கூட்டம் நடத்த முடியாது, விதி அப்படி. ஆகவே மைப் பெட்டியை உள்ளறைக்குக் கொண்டுபோனேன். கூட்டம் முடிந்து கிளம்பும்போது ஒவ்வொருவராக அங்கே வந்து வைத்துவிட்டுப் போகலாம். பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்பினேன். செய்தது இவ்வளவுதான். அறிவொளி விளக்கெல்லாம் ஏற்றவில்லை. சில தாய்மார்களுக்குப் பெயர் எழுதக் கற்றுத் தரலாமே என்று ஆசையாக இருந்தது, ஒருவரிடம் கேட்டும் விட்டேன். "அவள் படிக்கட்டும் டீச்சர், எனக்கு எதற்கு இனிமேல்" என்று முடித்துவிட்டார். நியாயம்தான்.

2022இல் பள்ளி மேலாண்மைக் குழுவைப் புதிதாக அமைத்தார்கள். இருபது பேர், அதில் பதினைந்து பேர் பெற்றோர், தலைவர் ஒரு தாயாக இருக்க வேண்டும். முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்பது கட்டாயக் கல்விச் சட்டத்தின் 21ஆம் பிரிவிலேயே உண்டு. அதற்கு முன்பும் குழு இருந்தது, காகிதத்தில். புதிய குழுவின் முதல் கூட்டத்தில் கழிப்பறைக் கதவு, குடிநீர்த் தொட்டி, சுற்றுச்சுவர் என்று நல்ல தீர்மானங்கள் வந்தன. காட்டெருமை வரும் ஊரில் சுற்றுச்சுவர் ஆடம்பரம் இல்லை. பிறகு எல்லோரையும் நிற்க வைத்துப் படம் எடுத்து, சிக்னல் கிடைக்கும் பாறை வரை ஏறிப்போய், கல்வித் துறையின் இணையப் பதிவான எமிஸில் ஏற்றினேன். கூட்டம் ஒரு மணி நேரம், ஏற்றம் ஒன்றரை மணி நேரம்.

அதே ஆண்டுதான் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிப்பது. அழகான பெயர்கள். பெற்றோரிடம் விளக்கினேன். உங்கள் மகள் மொட்டு நிலையில் இருக்கிறாள் என்றேன். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மொட்டு என்றால் பாஸா, ஃபெயிலா டீச்சர்?" என்றார். பாஸும் இல்லை, ஃபெயிலும் இல்லை என்று தொடங்கி நான் பேசியதில் எனக்கே தலை சுற்றியது. குழுத் தலைவர் குறுக்கிட்டார். "பூக்கும், ஆனால் இன்னும் பூக்கவில்லை. காப்பிப் பூ மழைக்குக் காத்திருக்கும் இல்லையா, அப்படி" என்றார். மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை விழுந்தால்தான் காப்பி பூக்கும். எல்லோருக்கும் புரிந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

இப்படிப் பேச வருவது தனித் திறமை. இல்லம் தேடிக் கல்வித் திட்டத்துக்கு எங்கள் ஊரில் தன்னார்வலராக இருந்தது பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஒரு பெண். மாலையில் ஒரு வீட்டுத் திண்ணையில் பிள்ளைகளை வைத்துக்கொள்வாள். தாய்மார்கள் அவளிடம் சொன்னதில் பத்தில் ஒரு பங்குகூட என்னிடம் சொன்னதில்லை. யார் வீட்டில் இரவில் சண்டை, எந்தப் பையன் கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறான், எவள் பெரியவளாகப் போகிறாள் என்று பயந்து அனுப்பாமல் இருக்கிறார்கள் என்பதெல்லாம் அவள் வழியாகத்தான் எனக்கு வந்தது. எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

விரல் மையைத் தலைமுடியில் துடைத்த அம்மா திரும்பி வந்த கதையையும் சொல்ல வேண்டும். பள்ளிக் கூட்டத்துக்கு அவர் வரவேயில்லை. பழம் எடைபோடும் இடத்துக்கு மகளை ஒரு சனிக்கிழமை கூட்டிப்போயிருக்கிறார். மேஸ்திரி எடையை வாயால் சொல்லி நோட்டில் எழுதுவார், இவர்கள் தலையாட்டுவார்கள். அன்று தராசில் ஒளிர்ந்த எண்ணை மகள் உரக்கப் படித்தாள். மேஸ்திரி சொன்னதற்கும் அவள் படித்ததற்கும் வித்தியாசம் இருந்தது. மேஸ்திரி முறைத்தாராம், திருத்தியும் எழுதினாராம். திங்கட்கிழமை அந்தப் பெண் என்னிடம் வந்து, "எண்ணுக்கு நடுவில் ஒரு புள்ளி இருந்தது டீச்சர், அது என்ன?" என்றாள். அன்று கால அட்டவணையில் அறிவியல். தசமப் புள்ளி நடத்தினேன். அடுத்த வாரம் அவள் தாய், வேலி ஓரமாக நின்று என்னைக் கூப்பிட்டு, "இன்னும் கொஞ்சம் கணக்குச் சொல்லிக் கொடுங்கள்" என்றார். பதினைந்து வருடத்தில் ஒரு பெற்றோர் என்னிடம் குறிப்பாக ஒரு பாடம் கேட்டது அது ஒரு தடவைதான்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் என் பள்ளிக்காரர்களே சிரிப்பார்கள். குடித்துவிட்டுக் கூட்டத்துக்கு வந்து, பேசவும் விடாமல் போகவும் மறுக்கும் தந்தை ஒருவர் இன்னும் வருகிறார். காலை உணவுத் திட்டம் வந்த பிறகு பிள்ளைகள் நேரத்துக்கு வருகிறார்கள், ஆனால் மிளகுக் காலத்தில் அதுவும் பாதிதான் நிற்கிறது.

போன மிளகுக் காலத்தில் ஒரு மூன்றாம் வகுப்புப் பெண் நாலு நாள் வராமல், ஐந்தாம் நாள் வந்தாள். வந்த அன்று ஒரு முழுப் பக்கத்தை எங்கும் இழுக்காமல் வாசித்தாள். முந்தைய வாரம்வரை எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தவள். குறிப்பேட்டை எடுத்தேன், "அடிக்கடி விடுப்பு" வரை கை தானாக எழுதிவிட்டது. அடுத்த சொல் என்னவென்று எனக்குத் தெரியும். தாளைக் கிழித்துவிட்டு, பள்ளி விட்டதும் சரிவில் ஏறி அவள் வீட்டுக்குப் போனேன். நாய் குரைத்தது. தாய் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார்.

"என்ன செய்தாள் டீச்சர்?"

"ஒன்றும் செய்யவில்லை. இன்று ஒரு பக்கம் முழுக்கத் தட்டாமல் வாசித்தாள். சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தேன்."

அவர் தலையாட்டினார். மிச்சத்துக்காகக் காத்திருந்தார்.

"அவ்வளவுதான்" என்றேன்.

"அதற்காகவா மேடு ஏறி வந்தீர்கள்?"

ஆமாம் என்று சொல்லிவிட்டு இறங்கினேன். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. வளைவில் திரும்பும்போது பார்த்தேன், அவர் இன்னும் அதே இடத்தில், நான் ஏதோ சொல்ல மறந்துவிட்டேன் என்பது போல நின்றுகொண்டிருந்தார்.