குடியை விட்ட பிறகும் மிச்சம் இருந்தது

எனக்கு முதலில் வந்தது குடி இல்லை. பாலிடெக்னிக்கில் அரியர் சேர ஆரம்பித்தபோதே, பத்தொன்பது வயது இருக்கும், ‘நம்மால் ஒன்றும் ஆகாது’ என்ற நினைப்பு ஒட்டிக்கொண்டது. ஓசூர் சிப்காட்டில் காண்ட்ராக்ட் வேலைக்குப் போனேன். கூடப் படித்தவன் அதே கம்பெனியில் பர்மனென்ட். அவன் கண்ணில் படாமல் கேன்டீனுக்குப் போவதே எனக்குத் தனி வேலை. நைட் ஷிப்ட் முடிந்து தூக்கம் வர ஒரு கட்டிங் என்று தொடங்கியது, முப்பது வயதில் காலையில் கை நடுங்காமல் இருக்கவே குவாட்டர் கேட்டது. இடையில் நடந்தது எல்லாக் குடிகாரன் வீட்டிலும் நடப்பதுதான்.

வேலை போய் பாலக்கோட்டுக்குத் திரும்பியதும் வீட்டில் இரண்டு யோசனை. கோயிலில் கயிறு கட்டுவது, இல்லையென்றால் ‘குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலக்கலாம்’ என்று விளம்பரம் வரும் பொடி. கயிறு கட்டி, அன்றே நிறுத்தினேன். மறுநாள் உடம்பெல்லாம் வேர்த்தது. டீ கிளாஸை இரண்டு கையால் பிடித்தும் பாதி சட்டையில்தான் கொட்டியது. அக்கா என்னைத் தருமபுரி பஸ்ஸில் ஏற்றினாள்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஓபி சீட்டு போடும்போது ‘மனநலம்’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அக்கா சத்தமாகச் சொன்னாள். முன்னால் நின்றவர் தக்காளி மண்டியில் அப்பாவுக்குத் தெரிந்தவர். முகத்தைத் திருப்பிக்கொண்டேன். உள்ளே போய்ப் பார்த்தால் அவரும் அதே டாக்டருக்குத்தான் காத்திருந்தார்!

டாக்டர் கையை நீட்டி விரல்களை விரிக்கச் சொன்னார், நாக்கை நீட்டச் சொன்னார், கடைசியாகக் குடித்தது எப்போது என்று கேட்டார், உடனே அட்மிஷன் போட்டார். தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளுக்குள் வலிப்பு வரலாம், ஆள் தெரியாமல் பிதற்றலாம், உயிருக்கே ஆபத்தாகலாம் என்று அக்காவிடம் சொன்னார். வார்டில் தயமின் என்ற வைட்டமின் பி1 ஊசி, நடுக்கத்துக்கு லோரசெபாம் மருந்து. அதைப் படிப்படியாகக் குறைத்தார்கள். அக்கா பொடியைப் பற்றிக் கேட்டதும் டாக்டருக்குக் கோபமே வந்துவிட்டது. குடித்தால் ஒத்துக்கொள்ளாமல் செய்யும் டைசல்ஃபிரம் என்ற மாத்திரை உண்டு, ஆனால் அதைச் சாப்பிடுபவருக்குத் தெரியாமல் கொடுத்தால் ரத்த அழுத்தம் இறங்கி உயிர்கூடப் போகலாம் என்றார்.

மனச்சோர்வுக்கு உடனே மாத்திரை தருவார்கள் என்று நினைத்திருந்தேன். குடியே மனதை அமுக்கும், சில வாரம் குடிக்காமல் இருந்தால்தான் எது மிச்சம் என்று தெரியும் என்றார். அந்த வாரங்கள்தான் கொடுமை. தூக்கம் திரும்பியது, களி உருண்டை உள்ளே இறங்கியது, ஆனால் செத்துப்போகலாம் என்ற நினைப்பு ராத்திரியில் வந்தது. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 சீட்டின் பின்னால் எழுதியிருந்தது. கூப்பிட்டேன், காசில்லை, எந்த நேரமும் தமிழில் பேசுகிறார்கள்.

அடுத்த முறை போனபோது, “குடிக்கு முன்னாலேயே இப்படி இருந்தாரா?” என்று டாக்டர் கேட்டார். “பாலிடெக்னிக் படிக்கும்போதே இவன் இப்படித்தான் சார்” என்றாள் அக்கா. அவள் கவனித்திருக்கிறாள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அப்புறம்தான் எஸ்சிட்டலோபிராம் என்ற மனச்சோர்வு மாத்திரை எழுதினார். முதலில் குமட்டல், பலன் தெரியச் சில வாரம் ஆனது.

மனநல ஆலோசகர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. ‘ஒன்றுக்கும் ஆகாதவன்’ என்று தோன்றும் நேரத்தை நோட்டில் குறிக்கச் சொன்னார். பெரும்பாலும் காலை நேரம், எல்லோரும் வேலைக்குப் போனபின் நான் மட்டும் திண்ணையில். அந்த நேரத்துக்கு ஒரு வேலை வைத்துக்கொள்ளச் சொன்னார். அப்பாவோடு மண்டிக்குப் போய்க் கணக்கு எழுத ஆரம்பித்தேன். கூட்டல் தப்பினால் அப்பா எல்லோர் முன்னாலும் திட்டுவார். அதையும் நோட்டில் எழுதினேன்.

போன முறை, மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். நன்றாக ஆன பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும், நிறுத்தினாலும் மெதுவாகக் குறைத்துத்தான் என்றார். சரி என்று அடுத்த மாதத்துக்கும் வாங்கி வந்திருக்கிறேன்.