கையுறைக்குள் வந்த குளிர்ச்சி

முதலில் தெரிந்தது குளிர்ச்சிதான். டைகுளோரோமீத்தேன் என்ற கரைப்பானை ஒரு குடுவையிலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றிக்கொண்டிருந்தேன். கையில் வழக்கமான நீல நைட்ரைல் (செயற்கை ரப்பர்) கையுறை. விரலில் கொஞ்சம் வழிந்தது, துடைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். கொஞ்ச நேரத்தில் விரல்நுனி ஜில்லென்றது, அப்புறம் சுரீரென்று எரிந்தது. கழற்றிப் பார்த்தால் கையுறையில் ஒரு கிழிசல்கூட இல்லை.

சிங்கப்பூரின் மேற்குப் பகுதியில் உள்ள ஓர் ஆய்வுக்கூடத்தில் எனக்கு அது முதல் வருடம். சேர்ந்த அன்றே பாதுகாப்புப் பயிற்சி நடந்தது. ஒரு மணி நேரம் ஸ்லைடு, கடைசியில் கையெழுத்து. கையுறை கட்டாயம் என்றார்கள். எந்தக் கையுறை என்று சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அன்று மாலை அந்தத் திரவத்தின் எஸ்.டி.எஸ். தாளை, அதாவது அதன் ஆபத்துகளையும் பாதுகாப்பு முறைகளையும் சொல்லும் தாளைத் தேடினேன். 2006ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் கீழ் வரும் விதிகள்படி அது வேலை செய்பவர் பார்க்கும்படி இருக்க வேண்டும். இருந்தது. ஆனால் நான் தேடிய பெயரில் இல்லை. கோப்பில் ‘மெத்திலீன் குளோரைடு’ என்று வைத்திருந்தார்கள். இரண்டும் ஒன்றுதான். அன்றிலிருந்து பெயரை வைத்துத் தேடுவதில்லை, போத்தலில் அச்சிட்டிருக்கும் சி.ஏ.எஸ். எண்ணை, அதாவது ஒவ்வொரு ரசாயனத்துக்கும் உள்ள தனி அடையாள எண்ணை வைத்துத்தான் தேடுகிறேன். இதற்கு 75-09-2. பெயர் எத்தனை இருந்தாலும் எண் ஒன்றுதான்.

தாளில் 16 பிரிவுகள். முதலுதவிக்கு 4, சிந்தினால் 6, எதோடு சேரக்கூடாது என்பதற்கு 10. கையுறைக்கு 8ஆம் பிரிவைப் புரட்டினால் ‘தகுந்த கையுறை அணியவும்’ என்று ஒரே வரி. எனக்குக் கோபம்தான் வந்தது. பதில் கடைசியில் கையுறை தயாரிப்பாளரின் அட்டவணையில் கிடைத்தது. எந்த ரசாயனம் எந்தக் கையுறையை எத்தனை நிமிடத்தில் ஊடுருவும் என்று அதில் இருக்கும். மெல்லிய நைட்ரைலை டைகுளோரோமீத்தேன் ஓரிரு நிமிடத்தில் கடந்துவிடும். பல அடுக்கு லேமினேட் கையுறைதான் தாங்கும்.

அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரிப் பேராசிரியர் கேரன் வெட்டர்ஹானைப் பற்றி அதற்குப் பிறகுதான் படித்தேன். 1996இல் டைமெத்தில் மெர்க்குரி என்ற கொடிய பாதரச நஞ்சு சில துளி அவருடைய லேட்டக்ஸ் கையுறைமேல் சிந்தியது. அவர் துறை தெரிந்தவர், கையுறையும் போட்டிருந்தார். அடுத்த ஆண்டு ஜூனில் இறந்துபோனார். அந்தத் திரவம் அப்படிப்பட்ட கையுறையைச் சில நொடிகளில் கடந்துவிடும் என்பது பிற்பாடு செய்த சோதனையில்தான் தெரிந்தது. எனக்கு அந்த அட்டவணை ஒரு விரல் எரிச்சலோடு கிடைத்தது. அதை நினைக்கும்போதெல்லாம் மனம் கனத்துவிடும்.

கழிவுப் போத்தல் எடுக்க வரும் அண்ணன் புதுக்கோட்டைக்காரர். ஒருநாள் வண்டியை நிறுத்தி, “தம்பி, இதுக்குள்ள என்ன இருக்கு?” என்று கேட்டார். போத்தலில் ‘வேஸ்ட்’ என்று மட்டும் எழுதியிருந்தது. எழுதியது நான் இல்லை, ஆனாலும் பதில் சொல்ல முடியாமல் நின்றேன். உள்ளே எத்தனால் இருந்து, யாராவது அதில் நைட்ரிக் அமிலத்தை ஊற்றியிருந்தால் மெல்ல மெல்ல வாயு சேர்ந்து, மூடி இறுக்கமாக இருந்தால் போத்தலே வெடிக்கும். அதைத் தூக்கிக்கொண்டு லிஃப்டில் இறங்குபவர் அவர்தான். ஒரு மணி நேரப் பயிற்சிகூட அவருக்குக் கிடைத்ததில்லை.

மறுநாள் தேநீர் வேளையில் அவரோடு உட்கார்ந்தேன். போத்தல் லேபிளில் சிவப்பு வைரக் கட்டத்துக்குள் இருக்கும் எச்சரிக்கைப் படங்களைக் காகிதத்தில் வரைந்து தமிழில் சொன்னேன். படத்தில் தீ மட்டும் இருந்தால் உள்ளே இருப்பது எளிதில் பற்றிக்கொள்ளும். வட்டத்தின்மேல் தீ எரிந்தால் அது மற்றதை எரியத் தூண்டும், அந்த இரண்டும் ஒரே வண்டியில் பக்கத்தில் பக்கத்தில் கூடாது. கைமேல் திரவம் சொட்டி அரித்துப்போகிற மாதிரிப் படம் இருந்தால் தோலைத் தின்றுவிடும். காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

இப்போதெல்லாம் வண்டியில் ஏற்றுவதற்கு முன்னால் ஒவ்வொரு போத்தலையும் திருப்பி லேபிளைப் பார்க்கிறார். போன வாரம் ஒன்றை மேசையிலேயே விட்டுவிட்டு, “எழுதிட்டுக் குடுங்க தம்பி, அப்புறம் எடுத்துக்கிறேன்” என்றார். பேனாவை எடுத்துக்கொண்டு, அந்தப் போத்தலைப் பயன்படுத்தியவரைத் தேடிப் போனேன்.