ஆவணிக்குள் எத்தனை போர்வை?

யாழ்ப்பாணத்தில் பழைய சேலைகளை வெட்டி ஒட்டுப்போர்வை தைத்துக் கொடுக்கும் தையலகத்துக்கு வேலை சீராக வருவதில்லை. யூலை பிறக்கும்போது ரொறன்ரோவிலும், யூலைக் கடைசியில் லண்டனிலும் பள்ளி விடுமுறை தொடங்கும். நல்லூர்க் கந்தசுவாமி கோவில் கொடியேற்றத்தை ஒட்டி வருகிறவர்கள் அலுமாரியைத் திறந்து அம்மாவின், அம்மம்மாவின் சேலைகளை எடுத்துக்கொண்டு வருவார்கள். "அக்கா, இருபதாம் திகதி பிளைட்" என்பதுதான் முதற் பேச்சு. அதே நாட்களில் ஆவணிக் கல்யாணங்களுக்கான சட்டைத் துணிகளும் வந்து குவியும்.

இந்த வேலையில் ஆட்கள் ஓய்ந்துபோவது ஆவணியில்தான் வெளியே தெரியும். அதற்கான காரணம் ஆனியிலேயே கொப்பியில் எழுதப்பட்டுவிடுகிறது. ஓடர் எடுக்கும்போது மணிக்கணக்குப் பார்க்காமல் முகத்தைப் பார்த்துத் தலையாட்டினால், பிறகு எந்த ஓய்வும் அதை ஈடுசெய்யாது.

60க்கு 72 அங்குலப் போர்வை ஒன்றை எடுத்துக்கொள்வோம். தைத்து முடிந்தபின் 6 அங்குலமாக நிற்கும் சதுரங்கள், குறுக்கே 10, நெடுக்கே 12. மொத்தம் 120 துண்டுகளை ஆறரை அங்குலமாக வெட்ட வேண்டும். கழுவிச் சாயம் பார்க்க 2 மணி, வெட்ட 4, துண்டு பொருத்தி அயன் பண்ண 8, மேல்துண்டு, நடுப்பஞ்சு, பின்துணி என்ற மூன்று அடுக்கையும் விரித்து ஊக்குக் குத்த 2, மேலால் தையல் ஓட்ட 8, கரை கட்ட 4. ஆக 28 மணி. பருத்திச் சேலைக்குத்தான் இந்தக் கணக்கு. பட்டுச் சேலைக்குப் பின்பக்கம் மெல்லிய ஒட்டுக் கன்வஸ் வைக்காவிட்டால், வருடக்கணக்காக மடிந்து கிடந்த மடிப்பிலேயே பிரிந்துவிடும். அதற்கு இன்னும் 4 மணி சேர்க்க வேண்டும். செயற்கைச் சரிகை சூட்டில் சுருங்கும் என்பதால் கன்வஸைக் குறைந்த சூட்டில், மேலே ஒரு துணி போட்டு, பொறுமையாகத்தான் ஒட்டலாம்.

மூன்று பேர் வேலை செய்யும் இடத்தில் மூன்று அடுக்கையும் ஒரே சீராக இழுக்கும் நடைப்பாதம் பூட்டிய மெசின் பெரும்பாலும் ஒன்றுதான் இருக்கும். எல்லாப் போர்வையும் அந்த ஒரு வாசலால்தான் வெளியே போக வேண்டும். யூலை, ஓகஸ்ட் இரண்டு மாதத்திலும் ஞாயிறும் தேர், தீர்த்த நாட்களும் கழிந்தால் ஏறக்குறைய 50 வேலை நாள். ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் அந்த மெசினில் நல்ல தையல் ஓடாது. திருவிழா 25 நாளும் தைப்பவர்களே விரதகாரர். விடியப்புறம் கோவில், பின்னேரம் கோவில், நல்லூரைச் சுற்றி வீதி மறிப்பு. அதனால் பாதி நாட்களுக்கு நேரத்தையும் பாதியாகப் போட வேண்டும். 25 நாள் 5 மணி, 25 நாள் இரண்டரை மணி: கூட்டினால் நூற்றெண்பத்தேழரை மணி. ஒரு போர்வையின் மேல்தையலுக்குப் போகும் 8 மணியால் பிரித்தால் 23 போர்வை. கல்யாணச் சட்டைகளையும், கரண்ட் போகிற நாட்களையும், பிரித்துத் தைக்க வேண்டிவருவதையும் நினைத்தால் 16க்கு மேல் பெயர் எழுதக்கூடாது. 17ஆவது ஆளிடம் இல்லை என்று சொல்வது எவ்வளவு கடினம் என்பது தெரிந்ததே. இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும்.

களைப்பை வாயால் கேட்டு அறிய முடியாது. கேட்டால் "ஒண்டுமில்லை அக்கா" என்றுதான் பதில் வரும். அளவு நாடா பொய் சொல்லாது. பத்துத் துண்டு சேர்ந்த ஒரு வரிசை, கால் அங்குலத் தையலில், அறுபதரை அங்குலம் இருக்க வேண்டும். தையல் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு உள்ளே விலகினாலே ஒரு பொருத்தில் எட்டில் ஒரு பங்கு குறையும். ஒன்பது பொருத்திலும் சேர்த்து ஓர் அங்குலத்துக்கு மேல் போய்விடும். காலையில் அறுபதரை வந்த அதே கையில் பின்னேரம் மூன்று மணிக்கு ஐம்பத்தொன்பதரை வந்தால், மெசினைத் திருத்தப் போகக்கூடாது. அந்த ஆளை எழுப்பி வேறு வேலைக்கு, முடிந்தால் வீட்டுக்கு, அனுப்ப வேண்டும். ஒவ்வொரு வரிசையையும் அளந்து, நேரத்தோடு ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக் குத்தி வைத்தால் ஒரு கிழமையில் யாருக்கு எந்த நேரம் கை தளர்கிறது என்பது தெரிந்துவிடும்.

இரவில் மேல்தையல் ஓட்டுவதை அடியோடு தடுப்பது நல்லது. பின்துணி சுருங்கி மடிந்து தைபட்டால் அது மேலே தெரியாது, திருப்பிப் பார்த்த பிறகுதான் தெரியும். ஒரு நிமிடத்தில் ஓடிய தையலைப் பிரிக்கக் கால் மணி போகும். புதுத் துணியில் அது வெறும் நேர நட்டம். முப்பது வருடச் சேலையில் ஊசித் துளை விரிந்து துணியே கிழியும். பின்துணியை நாலு பக்கமும் 4 அங்குலம் கூடுதலாக விட்டு, இழுத்துப் பட்டியால் ஒட்டி, ஒரு கைப்பிடி அகலத்துக்கு ஒரு ஊக்குக் குத்தினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது. அவசரத்தில் முதலில் குறைவது ஊக்குகளின் எண்ணிக்கைதான். ஊசியையும் 8 மணி நேரத் தையலுக்கு ஒருக்கால் மாற்ற வேண்டும்.

கை வலியும் தோள் வலியும் மேசையை முழங்கை உயரத்துக்கு ஏற்றினால் கொஞ்சம் குறையும். இந்தத் தொழிலுக்கே உரிய இன்னொரு பாரம் உண்டு. செத்துப்போன தாயின் சேலை அது, வேறு கடையில் வாங்க முடியாது. கத்தரி வைக்கிற கைக்கு அந்தப் பயம் நாள் முழுக்க இருக்கும், ஆளைக் கூடக் களைக்க வைப்பது அதுதான். அதைத் தனி ஒருவர் சுமக்கக்கூடாது. முந்தானை நடுவில் வருமா, கறை பட்ட பகுதி வேண்டுமா, கழுவலாமா என்பதைக் கொண்டுவந்தவர் முன்னாலேயே சோக்கால் குறித்துப் படம் எடுத்துவிட வேண்டும். கழுவினால் அம்மாவின் வாசம் போய்விடும் என்று சிலர் மறுப்பார்கள். அப்படியானால் சாயம் ஊறினால் என்ன ஆகும் என்பதை, நனைத்த வெள்ளைத் துணியை ஒரு மூலையில் வைத்து அயன் பண்ணிக் காட்டி, அவர்களையே முடிவெடுக்க விடலாம். ஒரு நாளில் ஒருவர் இரண்டு பேரின் சேலைக்கு மேல் வெட்டாமல் இருப்பதும் நல்ல வழக்கம்.

பயண நாளோடு போர்வையைக் கட்டிப்போடாமல் இருப்பதுதான் உண்மையான விடுதலை. 16 பேருக்குப் பிறகு வருகிறவர்களிடம், "தங்கச்சி, சேலையை விட்டிட்டுப் போங்கோ, தையில பார்சலா வரும்" என்று சொன்னால் பாதிப் பேர் சம்மதிப்பார்கள். முற்பணம் பாதி, மேல்துண்டு பொருத்திப் படம் அனுப்பியதும் கால், பார்சல் கட்டும்போது மிச்சம் என்று பிரித்தால் ஐப்பசி, கார்த்திகையிலும் கையில் காசு இருக்கும். காசில்லாத மாதத்தின் பயம்தான் அடுத்த ஆனியில் எல்லாவற்றுக்கும் தலையாட்ட வைக்கிறது.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். விட்டுப்போகும் சேலைகளை மழைக்கு முன், புரட்டாதி வெயில் நாட்களிலேயே கழுவி, நிழற்பக்கம் கொடி கட்டிக் காயவைத்து முடித்துவிட வேண்டும். வாடைக்காற்றும் மழையும் தொடங்கினால் துணி மூன்று நாளானாலும் ஈரம் விடாது, பூஞ்சணம் பிடிக்கும். வெட்டிய துண்டுகளைப் பொலித்தீனில் கட்டாமல் பழைய வேட்டித் துணியில் சுற்றி, நிலத்திலிருந்து உயர்ந்த தட்டில் வைக்கலாம். கரண்ட் இல்லாத மழை நாளில் கரை கட்டும் கைத்தையலை யன்னலோரம் இருந்து முடிக்கலாம்.