மேக்கில் வேறு கம்பெனி எஸ்எஸ்டி: மாட்டிய பிறகும் மிச்சமிருக்கும் வேலை

பழைய மேக்புக் ப்ரோவில் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி (ஃப்ளாஷ் சிப்பில் டேட்டாவைச் சேமிக்கும் டிரைவ்) போடுவது சர்வீஸ் பெஞ்சில் பெரிய வேலை இல்லை. 2012-ஆம் ஆண்டின் 13 அங்குல மாடலில் அடிமூடிக்கு 10 திருகுகள், அதில் 3 மட்டும் நீளம். முதலில் பேட்டரி கனெக்டரை எடுத்துவிட வேண்டும். பழைய டிஸ்க்கின் பக்கவாட்டில் இருக்கும் 4 டி6 (நட்சத்திரத் தலை) திருகுகளைப் புது டிரைவுக்கு மாற்றி உட்கார வைத்தால் முடிந்தது. வாடிக்கையாளர் பூட் ஆகும் வேகத்தைப் பார்த்துச் சந்தோஷமாகப் போவார். பல மாதம் கழித்து "மறுபடி ஸ்லோ ஆயிடுச்சு" என்று அதே மெஷின் திரும்பி வந்தால், முதலில் பார்க்க வேண்டியது ட்ரிம் என்ற வசதி ஓடுகிறதா என்பதைத்தான்.

ஃப்ளாஷ் சிப்பில் எழுதுவது பக்கம் பக்கமாக நடக்கும். அழிப்பது மட்டும் நூற்றுக்கணக்கான பக்கங்கள் சேர்ந்த ஒரு முழு பிளாக்காகத்தான் முடியும். நாம் ஒரு ஃபைலை டிலீட் செய்தால், ஆபரேட்டிங் சிஸ்டம் தன் கணக்கில் அந்த இடத்தைக் காலி என்று குறித்துக்கொள்ளும். டிரைவுக்கு அந்தச் சேதி போவதில்லை. அது செத்த டேட்டாவையும் உயிருள்ளது என்று நம்பி, பிளாக்குகளை ஒழுங்குபடுத்தும் ஒவ்வொரு முறையும் சுமந்து இடம் மாற்றிக்கொண்டே இருக்கும். காலி பிளாக் குறையக் குறைய எழுதும் வேகம் விழும், சிப்பும் வேகமாகத் தேயும். இந்த இடம் இனி வேண்டாம் என்று சிஸ்டம் டிரைவுக்குச் சொல்லும் கட்டளைதான் ட்ரிம்.

2011-இல் லயன் என்ற மேக் சிஸ்டம் பதிப்பு வந்தபோது மேக்கிலும் ட்ரிம் இருந்தது, ஆனால் ஆப்பிளே பொருத்தி அனுப்பிய டிரைவுகளுக்கு மட்டும். டிரைவை மெஷினோடு இணைக்கும் சாட்டா இணைப்பை இயக்கும் மென்பொருளான சாட்டா டிரைவர் கோப்பு, டிரைவின் மாடல் பெயரில் 'ஆப்பிள் எஸ்எஸ்டி' என்ற சொற்கள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ட்ரிம்மை அனுமதித்தது. பலரும் அந்தக் கோப்பையே திருத்தி வழி கண்டார்கள். 2014 அக்டோபரில் யோசெமிட்டி பதிப்பு (10.10) வந்ததும் அந்த வழி ஆபத்தாகிவிட்டது. திருத்தியதால் டிஜிட்டல் கையொப்பம் கலைந்த டிரைவரை சிஸ்டம் ஏற்க மறுத்தது. அந்தக் கையொப்பச் சோதனையை பூட் ஆர்க்யுமென்ட் (பூட் ஆகும்போது சிஸ்டம் படிக்கும் அமைப்பு) வழியாக அணைத்து வைத்தவர்கள், பின்னால் அந்த அமைப்பு பதிந்திருக்கும் என்விராம் நினைவகத்தை ரீசெட் செய்தபோது, சாம்பல் திரையில் தடைக்குறியோடு மெஷின் நின்றது. ஒரு பராமரிப்பு வசதிக்காக டிரைவர்களுக்கான அந்தப் பாதுகாப்பு முழுவதையும் அணைக்க வைத்தது நியாயமே இல்லை. 2015 ஜூன் கடைசியில் வந்த 10.10.4 பதிப்பில் ட்ரிம்ஃபோர்ஸ் என்ற கட்டளையை ஆப்பிளே கொடுத்தபோதுதான் இது தீர்ந்தது.

வேலையை பேக்கப்பில் தொடங்குங்கள். டிரைவ் தயாரிப்பாளர் தரும் ஃபர்ம்வேர் (டிரைவுக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) அப்டேட்டையும் முன்பே போட்டுவிடுங்கள். சில டிரைவுகளில் ட்ரிம்மின் ஒரு வகை சரியாக ஓடாததால், லினக்ஸ் கெர்னல் அவற்றுக்கு அந்த வகையை அணைத்தே வைத்திருக்கிறது. பெயர் தெரியாத மலிவு டிரைவ் என்றால் பேக்கப்பைத் திறந்து சரிபார்க்காமல் மேலே போகக் கூடாது. பிறகு டெர்மினலில் 'சூடோ ட்ரிம்ஃபோர்ஸ் எனேபிள்' (sudo trimforce enable) என்று அடியுங்கள். பாஸ்வேர்டு அடிக்கும்போது திரையில் எதுவும் தெரியாது. டேட்டா போனால் பொறுப்பில்லை என்கிற எச்சரிக்கையைப் படித்து, கேட்கும் இரண்டு கேள்விக்கும் 'ஒய்' கொடுத்தால் மெஷின் தானே ரீஸ்டார்ட் ஆகும். நேரமானாலும் பவர் பட்டனை அழுத்தக் கூடாது. மறுபடி பூட் ஆகி வந்ததும் சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் சாட்டா பகுதியைத் திறந்து, 'ட்ரிம் சப்போர்ட்' வரியில் 'யெஸ்' இருக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். சிஸ்டத்தைப் புதிதாக இன்ஸ்டால் செய்தால் இதை மறுபடி செய்ய வேண்டியிருக்கும்.

ஏற்கெனவே டிலீட் செய்து கிடப்பவற்றுக்கும் வழி உண்டு. டிரைவ் எச்எஃப்எஸ் பிளஸ் என்ற பழைய ஃபைல் சிஸ்டத்தில் இருந்தால், பூட் ஆகும்போது கமாண்ட்-எஸ் பிடித்து, எழுத்துத் திரை மட்டும் வரும் சிங்கிள் யூசர் மோடில் ஏறி, டிஸ்க்கைச் சோதிக்கும் எஃப்எஸ்சிகே கட்டளையை மைனஸ் எஃப்ஒய் சேர்த்து (fsck -fy) ஓட்டினால், பயன்படாத பிளாக்குகளை ட்ரிம் செய்வதாக ஒரு வரி வரும். புதிய ஃபைல் சிஸ்டமான ஏபிஎஃப்எஸ்ஸில் இருந்தால், டிரைவை மவுன்ட் செய்யும்போது (சிஸ்டத்தோடு இணைக்கும்போது) சிஸ்டமே காலி இடத்தை அலசி ட்ரிம் அனுப்பிவிடும்.

ட்ரிம் ஓடியும் மெஷின் திணறினால் டிரைவைக் குற்றம் சொல்வதற்கு முன் கேபிளைப் பாருங்கள். அந்த 2012 மாடலின் சாட்டா ஃப்ளெக்ஸ் கேபிள் (டிரைவை போர்டோடு இணைக்கும் மெல்லிய பட்டை) பலவீனமானது. டிரைவுக்கு அடியில் அலுமினிய உடலோடு ஒட்டியே போகிறது. பழைய கேபிளின் எண் 821-1480-ஏ, மாற்றாகப் போட வேண்டியது 821-2049-ஏ. அறிகுறி இப்படி இருக்கும்: வண்ணச் சக்கரம் சுற்றிக்கொண்டே நிற்கும், இன்ஸ்டாலேஷன் பாதியில் விழும், டிரைவ் தன் உடல்நிலையைப் பதிந்துவைக்கும் ஸ்மார்ட் பட்டியலில் 199-ஆம் எண்ணான சிஆர்சி பிழைக் கணக்கு (கேபிள் வழியே டேட்டா போகும்போது நேர்ந்த பிழைகள்) ஏறிக்கொண்டே போகும். அதே டிரைவை யூஎஸ்பி உறையில் போட்டு பூட் செய்துபாருங்கள். அங்கே ஒழுங்காக ஓடினால் டிரைவ் நல்லது, கேபிள்தான் போயிருக்கிறது. புதுக் கேபிளை மடிப்பு விழாமல் வளைத்து, உடலில் உரசும் இடத்தில் கேப்டன் (Kapton) டேப் என்ற மின்காப்பு டேப் ஒட்டுவது நல்ல பழக்கம். சோதனைக்கு யூஎஸ்பி உறை சரி, ஆனால் நிரந்தரமாக அதிலேயே ஓட்ட வேண்டாம். மேக்கில் யூஎஸ்பி வழியாக சாட்டா எஸ்எஸ்டிக்குப் பெரும்பாலும் ட்ரிம் போகாது.

டிரைவில் 15, 20 சதவீதம் காலியாக விடச் சொல்லுங்கள். ஃபைலை அழித்தும் இடம் வரவில்லை என்றால் மேக்கின் பேக்கப் வசதியான டைம் மெஷின் அதே டிரைவில் எடுத்துவைக்கும் லோக்கல் ஸ்னாப்ஷாட் அதைப் பிடித்துவைத்திருக்கும். ஸ்னாப்ஷாட் போகும் வரை அந்த பிளாக்குகளுக்கு ட்ரிம்மும் கிடையாது.

2013 நடுப்பகுதி முதல் 2015 வரையிலான ஏர், 2013 கடைசி முதல் 2015 வரையிலான ரெட்டினா ப்ரோ மாடல்களில் அடாப்டர் வைத்து என்விஎம்இ (சாட்டாவைவிட வேகமான வகை) எஸ்எஸ்டி போடுபவர்களுக்கு ட்ரிம்ஃபோர்ஸ் தேவையில்லை, ட்ரிம் தானாக ஓடும். ஆனால் பழைய டிரைவ் உள்ளே இருக்கும்போதே ஹை சியரா பதிப்போ (10.13) அதற்கு மேலோ இன்ஸ்டால் செய்துவிட வேண்டும். மெஷினை பூட் செய்யும் அடிப்படை மென்பொருளான பூட் ராமின் அப்டேட் அதனோடுதான் வருகிறது. அது இல்லாமல் புது டிரைவிலிருந்து பூட் ஆகாது.

இவை எதையும் தொடுவதற்கு முன் வாடிக்கையாளரிடம் ஒன்று கேட்டாக வேண்டும்: "தெரியாமல் டிலீட் பண்ணின போட்டோ, ஃபைல் ஏதாவது திரும்ப வேணுமா சார்?" வேண்டும் என்றால் ட்ரிம்மை இயக்காதீர்கள், எஃப்எஸ்சிகே ஓட்டாதீர்கள், அந்த டிரைவிலிருந்து பூட் கூடச் செய்யாதீர்கள். கழற்றி, எழுத முடியாதபடி வேறு மெஷினில் இணைத்து, முழு டிரைவுக்கும் இமேஜ் எடுத்த பிறகே மீட்பு வேலை. ட்ரிம் போய்விட்ட பிளாக்கை ரெக்கவரி சாஃப்ட்வேர் படித்தால் பெரும்பாலும் சுழியங்கள்தான் வரும்.