வில்லன் எப்ப வருவான்?

போன ரெண்டு வருஷத்துல பாத்த படங்கள்ல மனசுல நின்னதை எல்லாம் யோசிச்சா பாதிக்கு மேல வில்லனே இல்லாத படமா இருக்கு. தேடிப்பிடிச்சு அப்படி பாக்கல, எங்க வீட்ல ஒரு படத்தை செலக்ட் பண்றதே பெரிய பஞ்சாயத்து, வீட்டுக்காரருக்கு த்ரில்லர் வேணும், அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, குடும்பப் படம் வேணும், எனக்கு நடுவுல தூங்காம முடிச்சா போதும். ராத்திரி பாத்திரம் எல்லாம் கழுவி கவுத்துட்டு வந்து உக்காந்து பாக்கற ஒருத்தியோட கருத்துதான் இது, லைட்டிங் எடிட்டிங்னு எதையும் எதிர்பாக்காதீங்க. கதை கொஞ்சம் வெளிய வரும், பாக்காதவங்க உஷாரா இருந்துக்கோங்க.

மெய்யழகன்ல ஆரம்பிக்கிறேன். 96 எடுத்த பிரேம்குமாரோட படம், 2024 செப்டம்பர்ல வந்துச்சு. சொத்து தகராறுல வீட்டை இழந்துட்டு தஞ்சாவூரை விட்டு சென்னைக்கு போன குடும்பம், இருபது வருஷத்துக்கு மேல கழிச்சு தங்கச்சி முறை பொண்ணு கல்யாணத்துக்காக அரவிந்த்சாமி மட்டும் நீடாமங்கலம் வர்றாரு, வந்த இடத்துல கார்த்தி "அத்தான் அத்தான்"னு ஒட்டிக்கிறாரு, இவருக்கு அவன் யாருன்னே ஞாபகம் வரல, இவ்ளோ பாசமா பழகறவன்கிட்ட உன் பேர் என்னன்னு கேக்க கூச்சம். அவ்ளோதான் கதை. இதை வச்சு கிட்டத்தட்ட மூணு மணி நேரம் ஓட்டியிருக்காங்க.

இதுல ஒரு கூத்து என்னன்னா அத்தை பாதி படம் வரைக்கும் "இவன் ஏதோ திட்டத்தோடதான் ஒட்டறான், பாத்துட்டே இரு, ராத்திரி அந்த ஆளு தூங்கினதும் பையை தூக்கிட்டு போயிருவான்"னு சொல்லிட்டே இருந்தாங்க. நான் சிரிச்சேனே தவிர எனக்கும் உள்ளுக்குள்ள அதே பயம்தான். சினிமாவுல காரணமே இல்லாம ஒருத்தன் பாசம் காட்டினா அவன் பின்னாடி கத்தி இருக்கும்னு நம்மள அப்படி பழக்கி வச்சிருக்காங்க. படமும் அந்த சந்தேகத்தை தெரிஞ்சேதான் வளர விடுது, ஏன்னா அரவிந்த்சாமி மூஞ்சிலயும் அதே சந்தேகம்தான் ஓடிட்டிருக்கும், இவன்கிட்ட இருந்து எப்படிடா தப்பிக்கறதுன்னு. அப்புறம் அந்த சைக்கிள் விஷயம் வரும் பாருங்க, இவங்க ஊரை விட்டு போகும்போது விட்டுட்டு போன பழைய சைக்கிள், அது கார்த்தி குடும்பத்துக்கு எப்படி கை கொடுத்துச்சுன்னு அவன் பாட்டுக்கு சாதாரணமா சொல்லுவான். அந்த இடத்துல அத்தை வாயே திறக்கல.

மேடையில தங்கச்சிக்கு வாங்கிட்டு வந்த நகையை போட்டு விடற சீனும் அப்படித்தான், டயலாக் ரொம்ப கம்மி, அழுகாம இருந்தவங்க கை தூக்குங்க. சொத்தை புடுங்கின சொந்தக்காரங்கள கூப்பிட்டு நிக்க வச்சு நாலு வசனம் விட்டிருந்தா விசில் பறந்திருக்கும், படம் அந்த பக்கமே போகல.

குறை இல்லாம இல்ல. ராத்திரி ரெண்டு பேரும் உக்காந்து பேசறது போயிட்டே இருக்கும், கரிகாலன் ஜல்லிக்கட்டுன்னு எங்கெங்கயோ போயிட்டு வரும், படம் வந்த கொஞ்ச நாள்லயே 18 நிமிஷம் போல வெட்டினாங்க. எங்க வீட்டுக்காரர் இன்னும் ஒரு அரை மணி நேரம் வெட்டலாம்னாரு. எனக்கு அப்படி தோணல, கார்த்தி ஓயாம பேசற ஆளுதானே, பேச்சை வெட்டிட்டா அந்த ஆளே பாதியா போயிருவான். ஆனா ஒண்ணு, இந்த படத்தை போன் நோண்டிக்கிட்டே பாத்தீங்கன்னா ஒண்ணுமே இல்லாத மாதிரிதான் இருக்கும்.

லப்பர் பந்து அதே மாசம் ஒரு வாரம் முன்னாடி வந்த படம், தமிழரசன் பச்சமுத்துவுக்கு முதல் படம்னு நம்பவே முடியல. எனக்கு கிரிக்கெட் சுத்தமா பிடிக்காது, ஐபிஎல் டைம்ல எங்க வீட்டு டிவி ரிமோட்டை நான் தொட்டதே கிடையாது, அப்படிப்பட்ட என்னையே உக்கார வச்சிருச்சு. கெத்துன்னு ஒரு மாமா, பெயிண்டிங் வேலை பாத்துட்டு வேலையை பாதியில விட்டுட்டு மேட்ச் ஆட ஓடற ஆளு, அட்டகத்தி தினேஷ். அவருக்கு எதிரா பந்து போடற பையன் அன்பு, ஹரிஷ் கல்யாண், அவன் லவ் பண்றது அந்த கெத்தோட பொண்ணையே. ரெண்டு பேருக்கும் ஈகோ. யாரு தப்புன்னு ஒவ்வொரு சீனுக்கும் நம்ம தீர்ப்பு மாறிட்டே இருக்கும், மாமனார் ஓவரா பண்றாருன்னு நினைக்கும்போதே பையன் ஒரு வார்த்தை விட்டுருவான், சரி இவன்தான் திமிர் புடிச்சவன்னு நினைச்சா அடுத்த சீன்ல அவனை ஜாதி பாத்து டீம்ல சேக்காம வெளிய நிக்க வச்சிருப்பாங்க. அந்த ஜாதி விஷயத்தை மைக் புடிச்சு பேசாம டீம் செலக்ஷன்லயே காட்டினது பெரிய விஷயம், ஊர் பக்கம் இதெல்லாம் எப்படி நடக்கும்னு தெரிஞ்சவங்களுக்கு அது சுருக்குனு குத்தும்.

ஆனா எனக்கு அந்த படத்தோட ஹீரோ ஸ்வாசிகாதான். யசோதான்னு கெத்தோட பொண்டாட்டி, வேலைக்கு போறேன்னு சொல்லிட்டு மட்டையை தூக்கிட்டு போற புருஷனை வச்சு குடும்பம் நடத்தற பொம்பளை, ஒரு நாள் பொறுமை போயி டிராக்டரை எடுத்துட்டு நேரா கிரவுண்டுக்கே வந்துருவா. தியேட்டர்ல எனக்கு பக்கத்துல இருந்த அக்கா கைதட்டினாங்க பாருங்க, விஜயகாந்த் பாட்டுக்கு தட்டினதை விட அது சத்தமா இருந்துச்சு. (அந்த "நீ பொட்டு வச்ச" பாட்டு 1989ல வந்த பொன்மன செல்வன் பாட்டு, ராஜா மியூசிக், இத்தனை வருஷம் கழிச்சு அதை தெருவுக்கு தெரு பாட வச்சுட்டாங்க.) இவங்களுக்கு மாமியாரா வர்ற கீதா கைலாசம் மருமக பக்கம் நிப்பாங்க, அதை அத்தை ரொம்ப ரசிச்சாங்க, நான் எதுவும் சொல்லல.

எனக்கு என்ன தோணுதுன்னா வில்லன்னு ஒருத்தன் வந்துட்டா ஹீரோ பண்ற தப்பெல்லாம் கணக்குல வராம போயிருது. அவன் பத்து கொலை பண்ணுவான், இவன் பொண்டாட்டிய கண்டுக்காம சுத்துவான், நாம பத்து கொலையத்தான் பாப்போம். கெத்து மாதிரி ஆளு படத்துல ஒரு ரவுடி குறுக்க வந்திருந்தா யசோதாவோட கோவம் காமெடியா போயிருக்கும்.

குடும்பஸ்தனும் இந்த வகைதான், மணிகண்டன், கோயம்புத்தூர் கதை, வேலை போனதை வீட்ல சொல்லாம கடன் மேல கடன் வாங்கற ஒருத்தன். சிரிச்சோம்தான், ஆனா மாசக் கடைசியில பாத்ததால பாதி சிரிப்பு தொண்டையிலயே நின்னுச்சு. குரு சோமசுந்தரம் மச்சானா வந்து பேசற பேச்சு இருக்கே, அப்படி ஒருத்தர் எல்லார் சொந்தத்துலயும் இருப்பாரு, பேர் சொன்னா சண்டை வந்துரும்.

டூரிஸ்ட் ஃபேமிலி பத்தி ஊரே பேசியாச்சு. இலங்கையில பொழைக்க வழியில்லாம படகுல ராமேஸ்வரம் வந்து சென்னையில வாடகை வீட்ல ஒளிஞ்சு வாழற குடும்பம், சசிகுமார், சிம்ரன், அந்த சின்ன பையன் கமலேஷ். 2025 மே 1, சூர்யாவோட ரெட்ரோ வந்த அதே நாள்ல வந்து நின்னு ஓடுச்சு. நல்லாருந்துச்சு, அந்த பொடியன் பண்ற சேட்டைக்கே இன்னொரு தடவை பாக்கலாம். ஆனா தெருவுல இருக்கற அத்தனை பேரும் இவ்ளோ சீக்கிரம் நல்லவங்களா மாறிடறது எனக்கு கொஞ்சம் திகட்டுச்சு. வாடகைக்கு வீடு தேடி அலைஞ்சவங்களுக்கு நம்ம ஊர் தெரு எப்படின்னு தெரியும், என்ன ஆளுங்க, என்ன சமைப்பீங்கன்னு கேக்காம சாவி குடுத்த ஓனரை நான் பாத்ததில்ல. வில்லன் வேண்டாம்தான், அதுக்காக எல்லாரும் தங்கமாவும் இருக்க வேண்டாம்.

மஞ்சும்மல் பாய்ஸ்ல வில்லன் ஒரு பள்ளம். 2006ல கொடைக்கானல் குணா குகையில நிஜமா நடந்த சம்பவம், விழுந்த பிரெண்டை தூக்க இன்னொருத்தன் கயிறு கட்டிக்கிட்டு இறங்கினது. மலையாளப் படம், டப்பிங் கூட இல்லாம நம்ம ஊர் தியேட்டர்ல ஓடுச்சு, பாதி வசனம் தமிழ்லதான்ங்கறது வேற. அந்த குழிக்குள்ள கேமரா இறங்க இறங்க எனக்கு மூச்சு முட்டிருச்சு, பக்கத்துல இவர் கையை புடிச்சதுல நகம் பதிஞ்சிருச்சுன்னு வெளிய வந்து காட்டினாரு. உதவி கேட்டு போற பசங்களை ஸ்டேஷன்ல அடிக்கறதை பாக்கும்போது அது நம்ம ஊர் போலீஸ்னு ஒரு மாதிரி கூச்சமா இருந்துச்சு. கண்மணி அன்போடு பாட்டு எங்க வருதுன்னு எல்லாருக்கும் தெரியும், சொல்ல வேண்டியதில்ல.

மகாராஜாவுக்கு என்னை திட்டுவீங்க. விஜய் சேதுபதியோட 50வது படம், குப்பைத்தொட்டி காணோம்னு கம்ப்ளைன்ட் குடுக்க வர்ற முடி வெட்டறவரு. அந்த குப்பைத்தொட்டிக்கு பேரு லட்சுமி, முதல் பாதியில அந்த லட்சுமி கதையை ஸ்டேஷன்ல மறுபடி மறுபடி சொல்லும்போது நாங்க விழுந்து விழுந்து சிரிச்சோம், காலத்தை முன்ன பின்ன மாத்தி வச்சு நித்திலன் கோர்த்திருக்கறது செம புத்திசாலித்தனம், அனுராக் காஷ்யப்பும் வெறும் கெட்டவனா இல்லாம தன் பொண்ணு மேல உசுரா இருக்கற கெட்டவன். எல்லாம் ஓகே. ஆனா ஒரு சின்ன பொண்ணுக்கு நடந்த கொடுமையை கடைசி வரைக்கும் மறைச்சு வச்சு ட்விஸ்டா எடுத்து நீட்டினது எனக்கு ஒட்டவே இல்ல. அந்த பொண்ணு என்ன நினைச்சா, எப்படி இருந்தாங்கறதுக்கு படத்துல கிடைக்கற நேரம் ரொம்ப கம்மி. இவர் ரெண்டு நாள் என்கூட இதுக்கு வாக்குவாதம் பண்ணாரு, இன்னும் முடியல.

வில்லன் மட்டுமே போதும்னு சொல்ல வச்ச படம் பிரமயுகம். முழுக்க கருப்பு வெள்ளை, ஒரு பாழடைஞ்ச மனை, மொத்தமே மூணு பேரு முக்கியமா, அதுல மம்முட்டி சும்மா நாற்காலியில உக்காந்து சிரிக்கிறாரு, அதுக்கே எனக்கு கிச்சன்ல தண்ணி குடிக்க தனியா போக பயம். சொக்கட்டான் மாதிரி ஒரு ஆட்டம் ஆடி ஒருத்தனோட காலத்தையே ஜெயிச்சு எடுத்துக்கற வில்லன் எங்க வருவான். இத்தனைக்கும் அவர்கிட்ட மாட்டினவங்க ரெண்டு பேரும் ஒண்ணா நின்னாதானே, அவங்களுக்குள்ளயே அடிச்சுக்குவாங்க.

கடைசியா பாத்தது கொட்டுக்காளி, நானா இவர்கிட்ட சண்டை போட்டு போட்ட படம். பி.எஸ். வினோத்ராஜ் எடுத்தது, பின்னணி இசையே கிடையாது. ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துல அத்தை டிவி சவுண்ட் போயிருச்சான்னு கேட்டாங்க. ஒரு பொண்ணு வேற ஜாதி பையனை விரும்பறா, அவளுக்கு பேய் புடிச்சிருச்சுன்னு ஒரு சேவலையும் கூட்டிக்கிட்டு குடும்பமே ஷேர் ஆட்டோவுலயும் பைக்லயும் சாமியாடிகிட்ட கிளம்புது. அன்னா பென் படம் பூரா பேசறதே இல்லன்னு சொல்லலாம், அவளை கட்டிக்கப்போற முறைமாமனா வர்ற சூரி தொண்டை கட்டின குரல்ல கத்திட்டே வருவாரு. வழியில ஒரு மாடு மறிச்சுக்கிட்டு நிக்கும், இத்தனை ஆம்பளைங்க முழிச்சிட்டு நிப்பாங்க, ஒரு சின்ன பொண்ணு வந்து சாதாரணமா ஓட்டிட்டு போயிருவா.

அத்தை நடுவுலயே தூங்கப் போயிட்டாங்க. கடைசியில அந்த சாமியாடி இன்னொரு பொண்ணுக்கு பேய் ஓட்டறதை சூரி பாத்துட்டு நிப்பாரு, அடுத்து என்ன பண்ணுவாருன்னு படம் சொல்லாம முடிஞ்சிருது. அவன் திருந்திட்டான், பொண்ணை கூட்டிட்டு திரும்பிருவான்னு இவர் சொல்றாரு. வேற ஒருத்தன் அவளை தொடறதைத்தான் அவனால தாங்க முடியல, வீட்டுக்கு போனா மறுபடி அவனே அடிப்பான்னு நான் சொல்றேன். உங்க வீட்ல யாராவது பாத்திருந்தா என்ன நினைக்கறாங்கன்னு கேட்டு சொல்லுங்க.